பிறந்தநாள் பெட்டி காலியாக இருந்தால்

என் பிறந்தநாளுக்கு நானே ஒரு வாழ்த்துக் கடிதம் எழுதி, அதை என் முகவரிக்கே அனுப்பி, வந்து சேர்ந்ததும் ஒரு நிமிடம் உண்மையாகவே சந்தோஷப்பட்டிருக்கிறேன். சாதாரணமாக இப்படிப்பட்ட விஷயத்தை யாரிடமும் சொல்லமாட்டேன். ஆனால் அதே கடிதம் அன்று காலை கண்டியைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களில் இருக்கும் பலர் பெயருக்கும் போய்விட்டதால், இனி மறைத்து ஒன்றும் ஆகப்போவதில்லை.

அப்போது நான் கண்டி நகரத்தில் ஒரு பேக்கரியில் வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது மாதம். பேக்கரியின் பெயர் வேண்டாம். சொன்னால் இன்றைக்கும் யாராவது இலவசக் கேக் கேட்டு வருவார்கள். பேக்கரி என்றதும் நான் மாப் பிசைந்தேன் என்று நினைத்துவிட வேண்டாம். நான் கணினி படித்தவள். கடையின் மேல்மாடியில், சீனி மூட்டைகளுக்கும் அடுக்கி வைத்த கேக் பெட்டிகளுக்கும் நடுவில் எனக்கு ஒரு மேசை, ஒரு கதிரை, ஒரு மடிக்கணினி. கடைக்கு ஒரு மின்னஞ்சல் பட்டியல் சேர்ப்பதுதான் வேலை. வாடிக்கையாளர்களின் முகவரிகளை அவர்கள் சம்மதத்தோடு வாங்கி, அவ்வப்போது கடிதம் எழுதி, அவர்கள் கடையை மறந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

முதலாளி ரிஸ்வான் நானா (முஸ்லிம் வீடுகளில் அண்ணனை நானா என்பார்கள்) பக்கத்து ஊரான திகனயைச் சேர்ந்தவர். தகப்பனின் சின்ன ரொட்டிக் கடையை இந்த அளவுக்குக் கொண்டுவந்தவர். கொழும்பில் யாரோ ஒரு நண்பர் மின்னஞ்சல் பட்டியல் இல்லாத கடை இனி கடையே இல்லை என்று அவரைப் பயமுறுத்தியிருந்தார். அந்தப் பயத்தில் எனக்கு வேலை கிடைத்தது. மூன்று மாதம் தவணை. அதன் பிறகுதான் நிரந்தரம். தவணை முடிய இரண்டு கிழமை, அதாவது பதினாலு நாள், இருக்கும்போது மேலே ஏறிவந்து, சீனி மூட்டையில் உட்கார்ந்து சொன்னார்:

"மகள், எனக்கு இந்தக் கம்ப்யூட்டர் கணக்கெல்லாம் வெளங்குறல்ல. ஒங்கட ஈமெயிலப் பாத்துட்டு வந்தேண்டு சொல்ற ஒரே ஒரு மனுஷனக் காட்டுங்க. அது போதும்."

ஒரே ஒரு மனுஷன். கேட்பதற்குச் சின்ன விஷயம்தான். ஆனால் இரண்டரை மாதமாக அப்படி ஒருவரும் வந்திருக்கவில்லை. காட்ட முடியாவிட்டால் நான் ஹேவாஹெட்டப் பக்கம் எங்கள் தோட்டத்துக்குத் திரும்ப வேண்டியதுதான். அங்கே பாலர் பாடசாலையில் எனக்கு ஒரு வேலை பேசி வைத்திருப்பதாக அம்மா ஏற்கெனவே சொல்லியிருந்தார். அம்மா எதையும் வற்புறுத்துவதில்லை. பேசி மட்டும் வைத்துவிடுவார்.

நான் தங்கியிருந்தது கட்டுகஸ்தோட்டைப் பக்கம் ஒரு வீட்டின் பின்னால் ஒட்டிக் கட்டிய அறையில். வீட்டுக்காரர்கள் வெளிநாட்டில். வேலை முடிந்து அறைக்கு வந்தால் என்னோடு பேசுவதற்கு இருந்தது ரைஸ் குக்கர் ஒன்றுதான். அதுவும் 'டக்' என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அடங்கிவிடும். ஞாயிற்றுக்கிழமைகளில் வாவியைச் சுற்றி நடப்பேன். எல்லோரும் ஜோடியாகவோ குடும்பமாகவோ நடக்கும் இடத்தில் தனியாக நடப்பவள், ஏதோ அவசர வேலையாகப் போவது மாதிரி வேகமாக நடக்க வேண்டும். (இல்லாவிட்டால் பாவம் பார்ப்பார்கள்.) அப்படி வேகமாக நடந்து நடந்து அந்த மூன்று மாதத்தில் நான் மெலிந்தே போனேன். அம்மா அதை வேலைப்பளு என்று நினைத்துக்கொண்டார்.

அம்மாவைக் கவலைப்படுத்தக் கூடாது என்பதற்காக நான் இரண்டு தோழிகளை உருவாக்கினேன். ஷர்மி, நிரோ. என் புரோகிராம் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கப் பட்டியலில் நான் முதலில் ஏற்றிய இரண்டு போலி வாடிக்கையாளர்களின் பெயர்கள் அவை. முதல் தடவை அம்மா, "அங்க யாரு கூட சாப்புடுற?" என்று கேட்டபோது கண் முன்னால் திரையில் அந்தப் பெயர்கள்தான் தெரிந்தன. வாசித்துவிட்டேன். அதன் பிறகு ஷர்மிக்குக் காய்ச்சல் வந்தது, நிரோவுக்குக் கல்யாணம் பேசினார்கள், மாப்பிள்ளை சரியில்லை என்று நின்றது. எல்லாம் நான் செய்ததுதான். அம்மா ஒவ்வொரு அழைப்பிலும் அவர்களை மறக்காமல் விசாரிப்பார். உண்மையில் நான் பகல் சாப்பாட்டை மேல்மாடியில், கேக் பெட்டிகளைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டேன்.

சரி, பட்டியலுக்கு வருகிறேன். ஒரு கடை மின்னஞ்சல் முகவரிகளைச் சேர்க்க என்னென்ன வழிகள் உண்டு என்று என் டிப்ளோமாவில் ஒரு முழுப் பாடமே இருந்தது. எனக்குப் பட்டியல் போட்டால்தான் மூச்சு வரும். ஆகவே எல்லாவற்றையும் சுவரில் எழுதி ஒட்டி, ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தேன்.

முதலில், கவுண்டரில் ஒரு கண்ணாடிப் பெட்டி. 'உங்கள் முகவரியை எழுதிப் போடுங்கள்.' ஒரு கிழமை கழித்துத் திறந்தபோது உள்ளே மிட்டாய் சுற்றிய டொபித் தாள்கள், பஸ் டிக்கெட்டுகள், குழாய்க் கிணறு தோண்டுபவர் ஒருவரின் விசிட்டிங் கார்ட். அந்தக் கிணற்றுக்காரருக்கு நான் வரவேற்புக் கடிதம் அனுப்பினேன். அவர் பதிலுக்குக் கிணறு தோண்டும் விலைப்பட்டியலை அனுப்பினார். அந்த மாதத்தில் எனக்கு வந்த ஒரே பதில் அதுதான் என்பதால் அழிக்க மனம் வரவில்லை.

பிறகு, கடையின் இணையத்தளத்துக்கு வருபவர்கள் முன்னால் திடீரென்று எழும்பி முகவரி கேட்கும் ஒரு சின்ன ஜன்னல். தளத்துக்கு வந்தவர்கள் இரண்டு பேர். ஒன்று நான். மற்றது ரிஸ்வான் நானா. "என்ன மகள் இது, வாசல்லயே மறிச்சிக்கிட்டு நிக்கிது? இப்பிடிச் செஞ்சா நானே என்ட கடைக்கு வரமாட்டேன்" என்றார். எடுத்துவிட்டேன்.

முகவரி தருபவர்களுக்குப் பதிலாக ஒன்றைக் கொடுக்க வேண்டும் என்பது அடுத்த வழி. எங்கள் பட்டர் கேக்கின் செய்முறையைக் கொடுக்கலாம் என்றேன். "செய்முறையக் குடுத்தா அவங்க ஊட்டுலயே செஞ்சிக்குவாங்களே. பொறகு ஏன் இங்க வாறாங்க?" என்று நானா கேட்டார். பாடத்தில் இதற்குப் பதில் இல்லை. இதற்கிடையில் ஒருவர் பென் டிரைவ் ஒன்றோடு வந்து, ஆயிரக்கணக்கான முகவரிகளை ஒரேயடியாக விற்பதாகச் சொன்னார். காசுக்குப் பட்டியல் வாங்கக் கூடாது, சம்மதம் இல்லாதவருக்குக் கடிதம் எழுதக் கூடாது என்று நான் நின்ற நிலையில் ஒரு சின்னப் பிரசங்கமே செய்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, மீன் வைத்த மாலு பாண் இரண்டும் பிளேன்டீயும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

கடைசியில் பலித்தது பிறந்தநாள். ஒவ்வொரு பில்லின் அடியிலும் ஒரு QR கட்டம் அச்சிட்டோம். போன் கமராவால் அதைப் படம் பிடித்தால் ஒரு படிவம் திறக்கும். பெயர், தொலைபேசி, மின்னஞ்சல், பிறந்தநாள். 'பதிவு செய்யுங்கள், உங்கள் பிறந்தநாளுக்குக் கேக் எங்கள் செலவில்.' அதன் பிறகு பெயர்கள் வந்து குவிந்தன. கம்பளை, கலஹா, ஹேவாஹெட்ட என்று எங்கெங்கிருந்தோ. நானாவுக்கு ஒரே மகிழ்ச்சி. எனக்கும்தான்.

இந்த இடத்தில் இரண்டு தொழில்நுட்ப விவரங்களைச் சொல்லியாக வேண்டும். கஷ்டமில்லை, வாசித்துவிடுங்கள். ஒன்று, படிவத்தில் கேள்விகளைக் குறைத்தால் பதிபவர்கள் கூடுவார்கள் என்பது பாடம். ஆகவே பிறந்தநாள் பெட்டியைக் கட்டாயமாக்கவில்லை. விரும்பினால் காலியாக விடலாம். இரண்டு, பெட்டி காலியாக இருந்தால் புரோகிராம் குழம்பி நின்றுவிடும் என்பதால், அந்த இடத்தில் ஏதாவது ஒரு தேதியைத் தானாகப் போட்டுக்கொள்ளும்படி எழுதியிருந்தேன். பரிசோதிக்கும்போது கைக்கு வந்த தேதி என் பிறந்தநாள். பக்கத்தில் 'பிறகு மாற்றவும்' என்று எனக்கே ஒரு குறிப்பும் எழுதி வைத்தேன். (எங்கள் தொழிலில் 'பிறகு' என்று ஒரு நாள் வருவதே கிடையாது.)

கடிதங்கள் கிழமைக்கு ஒன்று போயின. ஒரு நண்பருக்கு எழுதுவதுபோல் எழுதுங்கள் என்றது பாடம். பழகிப் பார்க்க எனக்கு நண்பர் யாரும் இல்லாததால் அது கொஞ்சம் கஷ்டமாக இருந்தது. பட்டியலில் அநேகர் கடிதத்தைத் திறப்பதே இல்லை. ஆனால் ஒரே ஒரு முகவரி மட்டும், எழுத்துகளும் எண்களும் கலந்த ஏதோ ஒரு முகவரி, நான் அனுப்பிய கொஞ்ச நேரத்தில் திறக்கும். ஒரு தடவை அல்ல. திரும்பத் திரும்பத் திறக்கும். கணினியின் அறிக்கையில் அந்த முகவரிதான் எப்போதும் முதலிடம்.

என் கடிதத்தை ஒருவர் பல தடவை வாசிக்கிறார். அந்த ஒன்றை வைத்துக்கொண்டு நான் என்னென்ன கட்டினேன் என்று இப்போது நினைத்தால் காது சூடாகிறது. அவர் ஓய்வுபெற்ற ஆசிரியராக இருக்கலாம். அல்லது என்னைப்போலவே எங்காவது ஒரு மேல்மாடியில் தனியாக இருப்பவராக இருக்கலாம். மெதுவாக என் கடிதங்களில் கேக் குறைந்து வேறு விஷயங்கள் கூடின. வாவிக்கரையில் மழை பெய்யும்போது மரத்தடியில் ஒதுங்குபவர்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளாமலே எப்படிச் சிநேகமாகிவிடுகிறார்கள் என்று ஒரு முழுக் கடிதம் எழுதினேன். கடைசி வரியில்தான் மாலு பாண் ஞாபகம் வந்து சேர்த்தேன். அந்தக் கடிதமும் திறக்கப்பட்டது. பல தடவை.

பிறந்தநாள் கடிதத்தையும் அந்த ஒருவரை நினைத்தே எழுதினேன். 'இன்று உங்கள் நாள். அதைத் தனியாகக் கழிக்க வேண்டாம். உங்களுக்குப் பிடித்தவர்களையெல்லாம் கூட்டிக்கொண்டு வாருங்கள். கேக்கோடு காத்திருக்கிறோம்.'

என் பிறந்தநாள் வந்தது. காலையில் போனை எடுத்தேன். பட்டியலில் என் பெயரையும் சேர்த்திருந்ததால் அந்தக் கடிதம் எனக்கும் வந்திருந்தது. என் பெயர் சரியாக இருந்தது, எழுத்துகள் சரியாக இருந்தன, அன்பும் சரியான அளவில் இருந்தது. வேறு யாரும் இன்னும் வாழ்த்தியிருக்கவில்லை என்பதால் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு அம்மா அழைத்தார்.

"ஷர்மி, நிரோ எல்லாம் இன்னைக்கு கேக்கு வெட்டுவாங்களா?"

"ஆமாம்மா. பின்னேரம் வெட்டுவாங்க."

"நெறய சாப்புட்டுறாத. அந்தப் புள்ள நிரோவுக்குக் கொஞ்சம் கூடக் குடு. பாவம், கல்யாணம் நின்ன புள்ள."

சரி என்றேன். கடைக்குப் போய் மேலே ஏறி, கதிரையில் உட்கார்ந்து, தவணை முடிய மிச்சமிருந்த நாட்களில் அந்த ஒரே ஒரு மனுஷனை எங்கே தேடுவது என்று ஒரு பட்டியல் போடத் தொடங்கினேன். கீழே சத்தம் கூடிக்கொண்டே வந்தது. வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்கு முன் கூட்டம் வருவது வழக்கம். ஆனால் அன்று வெள்ளிக்கிழமை இல்லை.

படியில் கவுண்டர் நங்கி ஏறிவந்தாள். சிங்களப் பிள்ளை. சிங்களத்தில் தங்கச்சி என்று பொருள்படும் நங்கி என்றே நாங்கள் எல்லோரும் கூப்பிடுவோம். அவளுக்கு மூச்சு வாங்கியது.

"மிஸ், கீழ வாங்க. எல்லாருக்கும் பர்த்டே."

"எல்லாருக்கும்னா?"

"எல்லாருக்கும், மிஸ்."

கீழே இறங்கினேன். கடை நிறைந்து, கதவு நிறைந்து, நடைபாதையிலும் ஆட்கள் நின்றார்கள். எல்லோரும் நல்ல உடுப்பு. பட்டுச்சேலைப் பெண்கள், தலையில் பூ. வெள்ளைச் சட்டைக்காரர்கள். கைக்குழந்தைகள். பிடித்தவர்களையெல்லாம் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று நான் எழுதியதை அவர்கள் அப்படியே எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு குடும்பத்தில் சம்பந்தி வீட்டாரும் வந்திருந்தார்கள். பலர் கையில் என் கடிதம் இருந்தது. போனில் அல்ல. தாளில், அச்சடித்து, சிலர் பிளாஸ்டிக் உறையில் போட்டு.

"அம்மா, கேக்கு எங்க குடுக்குறாங்க?" என்று ஒரு பெண் என்னைக் கேட்டார்.

"உங்களுக்கு இன்னைக்கா பிறந்தநாள்?"

"அப்புடித்தான் போன் வந்துச்சு."

"பக்கத்துல நிக்கிற இவருக்கு?"

"அவருக்கும் இன்னைக்கித்தானாம். கல்யாணமாகி இத்தன வருசமாச்சு, எங்களுக்கே இப்பத்தாங்க தெரியும்."

அந்த இடத்திலேயே எனக்கு விளங்கிவிட்டது. காலியான பெட்டிகள். என் பிறந்தநாள். 'பிறகு மாற்றவும்.' நானா திகனயிலிருந்து வந்துகொண்டிருப்பதாக நங்கி காதருகில் சொன்னாள். இருந்த வழிகளை மனதில் வரிசைப்படுத்தினேன். பின் கதவால் ஓடலாம். ஆனால் பின் கதவுக்கு முன்னால் மாவு லொறி. கரண்ட் இல்லை என்று சொல்லலாம். ஆனால் மேலே மின்விசிறி சுற்றுகிறது. உண்மையைச் சொல்லலாம், இதை நான் பட்டியலில் கடைசியில் வைத்தேன்.

அப்போதுதான் முன் கண்ணாடிக்குள் அது கண்ணில் பட்டது. மூன்று அடுக்குக் கல்யாணக் கேக். வெள்ளை ஐசிங், வெள்ளிப் பூக்கள், உச்சியில் இரண்டு புறாக்கள். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து தினமும் அதைக் கடந்துதான் மேலே ஏறுகிறேன். இதை மெல்லிசாக வெட்டினால் எல்லோருக்கும் வரும் என்று என் மூளை உடனே கணக்குப் போட்டது. தவிர, நானா வருவதற்குள் எல்லோரும் வாயில் கேக்கோடு நின்றால் யாரும் அதிகம் பேச முடியாது.

"கொஞ்சம் இருங்க, எல்லாருக்கும் இந்தக் கேக்க வெட்டித் தர்றேன்" என்று நல்ல சத்தமாகச் சொன்னேன். கூட்டம் வழிவிட்டது. சிலர் போனில் படம் எடுக்கத் தயாரானார்கள். நங்கி என்னவோ சொல்ல வந்தாள். நான் அவள் கையிலிருந்த பெரிய ரொட்டிக் கத்தியை வாங்கி, அடி அடுக்கில் வைத்து அழுத்தினேன்.

கறீச் என்று ஒரு சத்தம் வந்தது. பல் கூசும் சத்தம். கத்தி பாதியில் நின்றுவிட்டது. இழுத்தேன், வரவில்லை. இரண்டு கையாலும் பிடித்து ஆட்டினேன். கத்தியோடு சேர்ந்து முழுக் கோபுரமும் ஆடியது. வெட்டிலிருந்து குட்டிக்குட்டியாய் வெள்ளை மணிகள் கொட்டி என் கையிலும் சட்டையிலும் தலைமயிரிலும் ஒட்டிக்கொண்டன. உச்சியிலிருந்து ஒரு புறா விழுந்தது.

"மிஸ்," நங்கி மெதுவாகச் சொன்னாள், "அது ரெஜிபோம்."

நம் நாட்டில் கல்யாண மண்டபங்களில் நிற்கும் கேக் கோபுரம் அநேகமாக உண்மையான கேக் அல்ல. ரெஜிபோமில் செய்து மேலே ஐசிங் பூசியது. சாப்பிடும் கேக்கைத் துண்டு போட்டுச் சின்னப் பெட்டிகளில் கொடுப்பார்கள். இது இலங்கையில் எல்லோருக்கும் தெரியும், எனக்கு மட்டும் தெரியாது. எங்கள் தோட்டத்துக் கல்யாணங்களில் லட்டும் பாயசமும்தான். மண்டபக் கல்யாணத்துக்கு என்னைக் கூப்பிடும் அளவுக்குக் கண்டியில் யாரையும் எனக்குத் தெரியாது. ஒரு பேக்கரியில் மூன்று மாதம் வேலை செய்தும் கேக் எது, கேக் இல்லாதது எது என்று ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. நான் யாரிடமும் பேசியதில்லையே, எப்படிச் சொல்வார்கள்.

கூட்டம் கேக்கைச் சுற்றி நெருங்கி வந்தது. பிறகு பின்னாலிருந்து ஒரு பெண் பக்கத்திலிருந்தவருக்கு விளக்கினார்: "புது டீவி வாங்குனா பெட்டிக்குள்ள சுத்தி வச்சிருப்பாங்களே, அது."

"அதையா நமக்குத் திங்கக் குடுக்கப் போறாங்க?"

இந்த நேரம் பார்த்து ரிஸ்வான் நானா கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தார். பட்டுச்சேலைகளைப் பார்த்தார். கேக்கில் குத்தி நின்ற கத்தியைப் பார்த்தார். பிறகு வெள்ளை மணிகளோடு நின்ற என்னை.

"இது யார்ட வேல?"

"என் வேலைதான் நானா."

இனி வேறு வழியில்லை. எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். பிறந்தநாள் எழுதாதவர்களுக்கெல்லாம் கணினி தானாக ஒரு தேதியைப் போட்டுவிட்டது. அது நான் பரிசோதனைக்காகக் கொடுத்த தேதி. பஸ்ஸேறி வந்த எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்கிறேன். இன்றைக்கு உங்களில் யாருக்கும் பிறந்தநாள் இல்லை. எனக்குத்தான்.

சொல்லும்போது கடைசி வார்த்தையில் குரல் உடைந்துவிட்டது. மெலிதாகத்தான். ஆனால் நிறைந்த கடையில் அது எல்லோருக்கும் கேட்டது.

"அப்ப நீங்கதானே எங்களுக்கு கேக்கு குடுக்கணும்" என்றார் சம்பந்தியோடு வந்தவர். "பொறந்தநாள்காரவங்கதானே குடுப்பாங்க. நாங்க சரியாத்தான் வந்திருக்கோம்."

யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். நானா சிரிக்கவில்லை. ஆனால் உள்ளே பார்த்து, மறுநாளைக்கென்று செய்து வைத்திருந்த பட்டர் கேக் தட்டுகளைக் கொண்டுவரச் சொன்னார். "சின்னதா வெட்டுங்க. எல்லாருக்கும் பத்தணும். பிளேன்டீயும் ஊத்துங்க." என்னைப் பார்க்காமலே நங்கியிடம், "கத்திய இவங்கட கையில குடுக்க வேணாம்" என்றார்.

கேக் பரிமாறும்போது கதவோரம் ஒரு முதியவர் வாங்காமல் நின்றார். சலவை செய்த வெள்ளைச் சாரம், கோட்டு, கையில் பிளாஸ்டிக் உறைக்குள் என் கடிதம். ஹேவாஹெட்டப் பக்கத்திலிருந்து வந்தவர். எங்கள் தோட்டத்துக்கு மேலே உள்ள டிவிஷன். பெயர் பெரியசாமி.

"பாப்பா, ஒண்ணு கேக்கணும்" என்றார். "எனக்குப் பொறந்தநாளு எதுன்னு தெரியாது. ஐடென்டிட்டி கார்ட்ல ஒரு தேதி இருக்கு. அது தோட்டத்து ஆபீஸ்ல கிளாக்கரையா அவர் பாட்டுக்குப் போட்டது. லயத்து வீடுகள்ல பாதிப் பேருக்கு அதே தேதிதான். இப்ப கம்ப்யூட்டர் வேற தேதி சொல்லுதேன்னு பாத்தேன். பெரிய மெசினு, தேடிக் கண்டுபிடிச்சிருச்சோன்னு..."

கிளாக்கரையாவும் நானும் ஒரே தவறைத்தான் செய்திருந்தோம். காலியான பெட்டியைப் பார்த்து, கைக்கு வந்த தேதியைப் போட்டிருந்தோம்.

"அது கண்டுபிடிக்கல்ல ஐயா. அது என் பொறந்தநாளு."

அவர் கடிதத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "ஒங்க கூட வேற யாராவது இருக்காங்களா, அந்தத் தேதியில?"

"இல்லைங்க. நான் மட்டுந்தான்."

"அப்ப நானும் இருந்துட்டுப் போறேன்" என்று சொல்லிவிட்டு கேக்கை வாங்கிக்கொண்டார்.

அதற்குள் ஒரு பெண் நேராக என்னிடம் வந்தார். நாற்பது வயதிருக்கும். கழுத்தில் சாவிக்கொத்து. "நீங்கதானா தங்கச்சி அந்த லெட்டர் எழுதுறது?" என்றார். குட்ஷெட் பஸ் நிலையத்துப் பக்கம் கொமியூனிகேஷன் கடை வைத்திருக்கும் லலிதா அக்கா. போட்டோ கொப்பி, ரீலோட், விண்ணப்பப் படிவம், வெளிநாட்டுக்குப் போன பிள்ளைகளோடு பேச வைப்பது என்று தோட்டத்திலிருந்து வரும் எல்லோருக்கும் அவர்தான்.

எங்கள் பில்லோடு ஆட்கள் அவரிடம் போய், "இத நிரப்பித் தாங்க" என்று கேட்டிருக்கிறார்கள். அவரும் பெயரையும் போன் நம்பரையும் கேட்டு நிரப்பினார். மின்னஞ்சலுக்குத் தன் கடையின் முகவரியைப் போட்டார். "அவங்களுக்குன்னு ஒண்ணு தொறந்து குடுத்தா பஸ் ஏறுறதுக்குள்ள பாஸ்வேர்ட மறந்துடுவாங்க." பிறந்தநாளைக் காலியாக விட்டார், அவர்களுக்கே தெரியாது என்பதால். காலையில் கடையைத் திறந்தால் மின்னஞ்சல் பெட்டி நிறைய பிறந்தநாள் கடிதங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பெயர். பொறுப்பாக ஒவ்வொருவருக்கும் போன் பண்ணி, பஸ்ஸில் வந்து இறங்கியவர்களுக்குக் கடிதத்தை அச்சடித்தும் கொடுத்திருக்கிறார். கொமியூனிகேஷன் அக்கா கூப்பிட்டால் முக்கியமான விஷயமாகத்தான் இருக்கும் என்று ஊரே புறப்பட்டு வந்திருக்கிறது.

"எல்லாருக்கும் ஒரே நாள்ல பிறந்தநாள்னு உங்களுக்குச் சந்தேகம் வரல்லையா அக்கா?"

"ஏன் வரணும்? நம்ம ஆளுங்க கார்ட்ல பாதிக்கு மேல ஒரே தேதிதானே. இது இன்னொரு தேதின்னு நெனச்சேன்."

எனக்கு வேறொன்று உறைத்தது. "அப்ப என் லெட்டரெல்லாம் திறந்து பார்த்தது?"

"நாந்தான். தொறக்காட்டி பெட்டி நெறஞ்சிரும். வேல கெடச்ச லெட்டரு, விசா லெட்டரெல்லாம் அதுக்குள்ளதானே வருது."

என் ஓய்வுபெற்ற ஆசிரியர் அந்த நிமிடமே காலமானார். எங்கோ ஒரு மேல்மாடியில் என்னைப்போலவே தனியாக இருந்த அந்த இன்னொருவரும் கூடவே போய்விட்டார். திரும்பத் திரும்ப வாசிக்கப்படவில்லை. ஒரே கடிதத்தின் பிரதிகள் ஒவ்வொன்றாகத் திறக்கப்பட்டிருக்கின்றன, பெட்டியைச் சுத்தம் செய்ய.

"வாசிக்கவே மாட்டீங்களா?" என்று கேட்டுவிட்டேன். (கேட்டிருக்கக் கூடாது. கேட்டுவிட்டேன்.)

"முதல்ல ஒண்ண வாசிப்பேன். மத்ததெல்லாம் ஒண்ணுதானே." கேக்கை வாயில் போட்டுக்கொண்டு கொஞ்சம் யோசித்தார். "அந்த மழைக்கு ஒதுங்குறதப் பத்தி எழுதினீங்களே, அத மட்டும் ரெண்டு தரம் வாசிச்சேன். யாரோ பேச ஆளில்லாத மனுசன் எழுதியிருக்கான்னு நெனச்சேன். பொம்பளப் புள்ளன்னு நெனக்கல."

கையில் ஒட்டியிருந்த ரெஜிபோம் மணிகளைப் பிய்த்தேன். அவை லேசில் போவதில்லை. ஒரு விரலிலிருந்து எடுத்தால் மறு விரலில் ஒட்டிக்கொள்ளும். லலிதா அக்கா என் தலையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கீழே போட்டார்.

கடை காலியான பிறகு நானா என்னைக் கூப்பிட்டார். நான் மேலே போய் என் பையை எடுத்துக்கொண்டே வந்து நின்றேன். அவர் வெற்றுத் தட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மகள், நான் ஒரு மனுஷனத்தானே காட்டச் சொன்னேன்."

"ஆமா நானா."

"அந்தப் பைய எங்க கொண்டு போறீங்க?"

"வீட்டுக்கு."

"வைங்க. நாளைலருந்து மேல வேணாம். இங்க கவுண்டருக்குப் பக்கத்துல இருந்து வேலயச் செய்ங்க. வாறவங்ககிட்டப் பேசிப் பழகுங்க. அந்த ரெஜிபோமுக்கு நீங்களே ஐசிங் பூசணும்."

பூசினேன். இன்றைக்கும் அந்தக் கோபுரத்தின் அடி அடுக்கில் ஒரு கோணல் கோடு தெரியும். ஒரு புறா கழுத்தில் பசையோடுதான் நிற்கிறது.

அன்று பின்னேரம் நான் அறைக்குப் போய்ச் சேரும் முன்பே செய்தி ஹேவாஹெட்ட பஸ்ஸில் தோட்டத்துக்குப் போய்விட்டது. அம்மா அழைத்தார்.

"பொறந்தநாளுக்குக் கண்டியில ஊரையே கூப்புட்டிருக்கன்னு மேல் டிவிஷன் பெரியசாமி அண்ணன் சொல்றாரு. மெய்யா?"

"மெய்தாம்மா."

"ஷர்மி வந்தாளா?"

எனக்குப் பொய் சொல்லக் களைப்பாக இருந்தது. "வரல்லம்மா."

"நிரோ?"

"அவளும் வரல்ல."

"அவங்க வரமாட்டாங்கன்னு எனக்குத் தெரியும்" என்றார் அம்மா. "காய்ச்சல் வந்த புள்ளைக்கு ஒரு நாளாவது பின்னால இருமல் கேக்கணுமே."

இப்போது எங்கள் வீட்டில் எதையாவது யாராவது இட்டுக்கட்டினால் அதற்குப் பெயர் ஷர்மி. தம்பி தாமதமாக வந்து கோயிலுக்குப் போனதாகச் சொன்னால், "ஷர்மியும் வந்தாளா?" என்று அம்மா கேட்பார். அவன் உடனே உண்மையைச் சொல்லிவிடுவான். நிரோவின் கல்யாணத்துக்கு நகை சேர்ப்பதாகச் சொல்லி அம்மா என்னிடம் சில்லறை வாங்குவதும் உண்டு.

நான் இப்போதும் அதே அறையில்தான் இருக்கிறேன். ரைஸ் குக்கர் மட்டும் புதுசு. இதுவும் அதிகம் பேசுவதில்லை. பட்டியல் ஒழுங்காக வளர்கிறது. பிறந்தநாள் பெட்டியைக் கட்டாயமாக்கிவிட்டேன், தெரியாதவர்கள் பிடித்த நாளைப் போடலாம் என்று ஒரு வரியும் சேர்த்தேன். தவறான தேதிகளை எல்லாம் அழித்தேன், ஒன்றைத் தவிர. ஆகவே ஒவ்வொரு வருடமும் என் பிறந்தநாளன்று அந்தக் கடிதம் இரண்டு பேருக்குப் போகிறது. ஒன்று எனக்கு. மற்றது லலிதா அக்காவின் கடைக்கு, பெரியசாமி ஐயா பெயரில்.

முதல் போன் அக்காவிடமிருந்துதான் வரும். பெரியசாமி ஐயாவிடம் பேசிவிட்டு எனக்கு எடுப்பார்.

"தங்கச்சி, ஒங்க ஆளுக்கு ஒரு லெட்டர் வந்திருக்கு. படிக்கவா?"

"படிங்க அக்கா."

கடைக்குள் போட்டோ கொப்பி மெஷின் ஓடும் சத்தத்துக்கு மேலே, நான் எழுதியதையே எனக்கு அவர் நிறுத்தி நிறுத்தி வாசிப்பார். இன்று உங்கள் நாள். அதைத் தனியாகக் கழிக்க வேண்டாம். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, முதல் தடவை கேட்பவள் மாதிரி கேட்டுக்கொண்டிருப்பேன்.

"யாரு எழுதினதோ" என்பார் கடைசியில். "கேக்குதான் ரெஜிபோம். லெட்டர் பரவாயில்ல."